1.18 பற்றி அக்காவுக்கு

சென்னை,
புரட்டாசி, சனிக்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சின்னவனின் ரத்தப் புற்றுநோய் ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும் வந்து சேர்ந்தன. போனில் சொல்லலாம்தான். ஆனால் உன்னை எனக்குத் தெரியாதா? நான் பேசுகிற வரைக்கும் "சரிடா, சரிடா" என்பாய். வைத்த பிறகு அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுவாய். சொன்னதில் பாதி மறந்தும் போகும். அதனால்தான் கடிதம். மச்சானும் படிக்கட்டும். சந்தேகம் வரும்போதெல்லாம் எடுத்துப் பாருங்கள்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பக்கத்தில் "டி.என்.ஏ. இண்டெக்ஸ் 1.18, ஹைப்பர்டிப்ளாய்ட்" என்று இருக்கிறதே, நீ வட்டம் போட்டு "இது என்னடா?" என்று கேட்டிருந்தாயே, அது சின்னவனுக்கு நல்ல சேதி. தப்பாகப் படித்துவிடவில்லை நான். ஆய்வகத்தில் நாள் முழுக்க இந்த வரைபடங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. என் மருமகன் என்பதால் இன்னொரு தடவையும் பார்த்தேன். எங்கள் டாக்டரிடமும் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார்.

நீ ஏன் பயந்தாய் என்பதும் எனக்குப் புரிகிறது. பெரியம்மாவின் ரிப்போர்ட். மார்பில் கட்டி எடுத்த பிறகு வந்த காகிதத்தில் "டி.என்.ஏ. அனூப்ளாய்ட்" என்று ஒரு வரி இருந்தது, யாரோ சிவப்பு மையில் அதை அடிக்கோடிட்டிருந்தார்கள். அந்தப் பைல் இன்னும் நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. அந்த வார்த்தை வந்தது, பெரியம்மா போய்விட்டாள். இப்போது சின்னவனுக்கும் டி.என்.ஏ. சரியில்லை என்று வந்திருக்கிறது. உன் மனசு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. முடிச்சை அவிழ்க்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

நம் உடம்பின் செல் ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் 46 குரோமோசோம் இருக்கிறது, அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23. டி.என்.ஏ. எல்லாம் அதற்குள்தான். புற்றுநோய் செல்களில் இந்தக் கணக்கு அடிக்கடி பிசகும். சிலதில் கூடும், சிலதில் குறையும். அனூப்ளாய்ட் என்றால் அதுதான்; கூடினால் ஹைப்பர்டிப்ளாய்ட். கணக்குப் பிசகுவதுதான் புற்றுநோய்க்கே காரணமாக இருக்கலாம் என்று போவேரி என்ற ஜெர்மன்காரர் 1914-இலேயே எழுதிவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது கடல் முள்ளெலியின் முட்டைகளை. மனிதனுக்கு 46 என்ற எண்ணே 1956-இல்தான் உறுதியானது என்றால் அந்த மனிதரின் மூளையை நினைத்துப் பார். நாங்கள் செய்கிற சோதனை குரோமோசோமை எண்ணுவதில்லை. ஒரு செல்லுக்குள் மொத்தம் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று அளக்கிறது, அவ்வளவுதான்.

எப்படி அளக்கிறோம் என்று சொன்னால் நீ சட்டென்று பிடித்துக்கொள்வாய். பள்ளிக்கூட லீவில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய் சட்டத்தில் குச்சி அடுக்கினவள் நீ. குச்சிகளை ஏன் தனித்தனியாக இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னார்கள்? ஒன்றோடொன்று ஒட்டினால் மருந்தில் முக்கும்போது இரண்டு தலையும் சேர்ந்து ஒரே கட்டியாகிவிடும். எங்கள் மெஷினுக்கும் அதே பாடுதான். சின்னவனின் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையில் லட்சக்கணக்கான செல் இருக்கும். அவை ஒன்றன் பின் ஒன்றாக, ஒட்டாமல் வரிசையில் வந்தாக வேண்டும். அதற்காக ஒரு மெல்லிய நீரோட்டத்தின் நடுவே செல்களைச் செலுத்துகிறோம். சுற்றிலும் ஓடும் நீர் அவற்றை ஒற்றை வரிசைக்கு நெருக்கிவிடும். அந்த வரிசைக்குக் குறுக்கே லேசர் ஒளி. மெஷினுக்குள் போவதற்கு முன்பே டி.என்.ஏ.வில் மட்டும் போய் ஒட்டும் ஒரு சாயத்தைச் செல்களுக்குக் கொடுத்திருப்போம். ஒளி பட்டதும் சாயம் மின்னும். டி.என்.ஏ. கூடுதலாக இருந்தால் கூடுதலாக மின்னும். ஒவ்வொரு மின்னலையும் கம்ப்யூட்டர் எண்ணாகக் குறித்துக்கொள்ளும்.

இரண்டு செல் ஒட்டிக்கொண்டு வந்தால்? உன் இரட்டைத்தலைக் குச்சி மாதிரியேதான். நல்ல செல் இரண்டு சேர்ந்து லேசரைக் கடந்தால், டி.என்.ஏ. இரட்டிப்பாக இருக்கும் ஒரே செல் என்று மெஷின் ஏமாந்துவிடும். அதனால் மின்னலின் உயரத்தையும் அது நீடித்த நேரத்தையும் ஒப்பிட்டு, ஒட்டி வந்தவற்றைக் கழித்துவிடுவோம். இதைச் சரியாகச் செய்யாத ஆய்வகத்தின் வரைபடத்தை நம்பக் கூடாது. சின்னவனின் ரிப்போர்ட்டில் அந்தக் கழிப்புப் படத்தையும் இணைத்திருக்கிறார்கள், இரண்டாம் பக்கம், இடது மூலையில். பார்த்ததும் எனக்குத் திருப்தியாக இருந்தது. யாரோ முகம் தெரியாத ஒரு டெக்னீஷியன் பொறுப்பாக உட்கார்ந்து செய்திருக்கிறார்.

இப்போது கடைசிப் பக்கத்தை எடு. கீழே இரண்டு முகடு தெரியும். இடது பக்கம் ஒல்லியாக நிற்பது அவனுடைய நல்ல வெள்ளணுக்கள், நோய் தொடாதவை. அது 50 என்ற அளவில் நிற்கிறது. வலது பக்கம் இருப்பது நோய்ச் செல்கள், நாங்கள் பிளாஸ்ட் என்போம். அது 59-இல் நிற்கிறது. 59-ஐ 50-ஆல் வகுத்துப் பார், 1.18 வரும். நீ வட்டம் போட்ட எண் இதுதான். 46-ஐ 1.18-ஆல் பெருக்கினால் 54 சொச்சம். அதாவது நோய்ச் செல் ஒவ்வொன்றிலும் சுமார் எட்டு குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம். எல்லாக் குரோமோசோமும் ஒரே பருமன் இல்லை. அதனால் இது உத்தேசக் கணக்கு. சரியாக எண்ணிச் சொல்லும் கேரியோடைப் சோதனை வேறு, அது வர இன்னும் நாளாகும்.

சின்னவனின் நல்ல செல்களையே படிக்கல்லாக வைத்து அவனுடைய நோய்ச் செல்களை அளந்திருக்கிறார்கள் என்பதைக் கவனி. ஒரே டியூபில் இரண்டும் இருக்கும்போது எது எது என்று எப்படித் தெரிந்தது? செல்லின் மேல் இருக்கும் அடையாளங்களை வைத்து. சி.டி.19, சி.டி.10, சி.டி.34 என்று முதல் பக்கத்தில் இருக்கிறதே, அவைதான். டி.என்.ஏ. சாயம் உள்ளே போவதற்குச் செல்லைப் பதப்படுத்தித் துளைக்க வேண்டும். முன்னெல்லாம் அதில் மேலே உள்ள அடையாளங்கள் கெட்டுவிடும். நோய்ச் செல்லும் நல்ல செல்லும் கலந்தே தெரியும். மும்பை டாடா நினைவு மையத்து ஆய்வகத்தார், ஊதா லேசரில் மின்னும் ஒரு சாயத்தை வைத்து ஆறு நிற அடையாளங்களையும் டி.என்.ஏ. அளவையும் ஒரே டியூபில் பார்க்கும் வழியை 2016-இல் வெளியிட்டார்கள். ஆரம்பச் சோதனைக்கென்று எடுத்த மஜ்ஜையிலேயே, பெரிய கூடுதல் செலவில்லாமல், அன்றைக்கே பதில் வந்துவிடும். நம் நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருக்காது. கேரியோடைப்புக்குச் செல்லை வளர்த்து, பிரியும் நேரத்தில் பிடித்து எண்ண வேண்டும். இந்த நோயில் பிளாஸ்ட் பல சமயம் பிரியவே மறுக்கும், சோதனையே வீணாகும்.

இனி பெரியம்மா விஷயம். மெஷின் ஒன்றுதான், நோய் வேறு. மார்பகம், குடல் மாதிரி கெட்டிக் கட்டிகளிலும் டி.என்.ஏ. அளவைப் பார்க்கலாம் என்று ஒரு காலத்தில் உலகமே ஓடியது. அதற்குக் காரணம் 1983-இல் ஆஸ்திரேலியாவில் ஹெட்லி என்பவரும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்த வழி. ஆபரேஷனில் எடுத்த கட்டியை மெழுகில் புதைத்து அலமாரியில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள் இல்லையா, அந்த மெழுகுக் கட்டியைத் தடிமனாகச் சீவி, மெழுகைக் கரைத்து, பெப்சின் என்ற செரிமானப் பொருளால் சதையைக் கரைத்தால், செல்லின் உட்கருக்கள் மட்டும் தனித்தனியாக மிதந்து வரும். சாயம் ஏற்றி மெஷினில் விடலாம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன் ஆனவர்களின் கட்டியை இன்றைக்கு எடுத்து அளந்து, யார் பிழைத்தார்கள், யார் இல்லை என்று ஒப்பிடலாம். ஆராய்ச்சி செய்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கட்டுரைகள் குவிந்தன.

கடைசியில் தேறியது கொஞ்சம்தான். டி.என்.ஏ. கணக்குப் பிசகிய மார்புக் கட்டிகள் பொதுவாகச் சற்று மோசமாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் கட்டியின் பருமனையும் அக்குள் நெறியையும் பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு மேல் அது பெரிதாக எதையும் கூட்டவில்லை. ஒரு ஆய்வகத்தின் எண் இன்னொன்றோடு ஒத்துப்போகவும் இல்லை. மார்பகப் புற்றுநோயில் இதை வைத்துச் சிகிச்சையை முடிவு செய்ய ஆதாரம் போதாது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் தன் வழிகாட்டுதலில் எழுதிவிட்டது. பெரியம்மாவுக்குப் பார்த்தது அந்தச் சோதனை மவுசாக இருந்த காலம். சிவப்பு மையில் கோடு போட்டவருக்கும் அப்போது அதற்கு மேல் தெரிந்திருக்காது. பெரியம்மாவைக் கொண்டுபோனது அந்த வார்த்தை இல்லை அக்கா. கட்டியைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, பருத்தி எடுப்பு முடியட்டும், பேத்தி சடங்கு முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். காட்டும்போது அக்குளெல்லாம் நெறி கட்டியிருந்தது. உனக்கும் தெரியும்.

குழந்தைகளுக்கு வரும் இந்த ரத்தப் புற்றுநோயில் கதை தலைகீழ். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்தில் செயின்ட் ஜூட் என்று குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே 1985-இல், பிளாஸ்டின் டி.என்.ஏ. இண்டெக்ஸ் 1.16-க்கு மேல் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள் என்று காட்டினார்கள். அந்த 1.16 அப்படியே கோடாக நின்றுவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ மருந்துமுறை மாறியும் இந்தக் கூட்டம் மட்டும் நல்ல கூட்டமாகவே இருக்கிறது. குழந்தைகளின் பி-வகை நோயில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்த வகை.

கூடுதல் குரோமோசோம் எப்படி நல்லதாகும் என்று நீ கேட்பாய். ஒரு காரணம் சொல்கிறேன். மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மருந்து, சின்னவனுக்கு முதுகுத்தண்டில் போடுகிறார்களே, மஞ்சளாக இருக்கும், பின்னால் வாராவாரம் மாத்திரையாகவும் தருவார்கள். அது செல்லுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைச் செய்யும் ஜீன் 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இந்த வகைப் பிளாஸ்ட்களில் அந்த 21-ஆம் குரோமோசோம்தான் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். வாசல் கூடினால் மருந்து அதிகமாக உள்ளே போய்ச் சேரும், செல் சாகும். கூடச் சேர்த்துக்கொண்டதாலேயே அது விஷத்தையும் கூடக் குடிக்கிறது. அதோடு இந்தச் செல்கள் இயல்பிலேயே சீக்கிரம் சாகும் ரகம்.

இந்த மருந்துக் குடும்பத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் உடுத்தினார் என்று வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்காமல் போய், முழு எம்.பி.பி.எஸ். பட்டம் இல்லாமல் கீழ்ப்பட்டமான எல்.எம்.எஸ்.தான் கிடைத்தது. அமெரிக்கா போய் லெடர்லே கம்பெனியில் அவருடைய குழு செய்த அமினோப்டெரின் என்ற மருந்தைத்தான் பாஸ்டனில் டாக்டர் ஃபார்பர் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். கொஞ்ச நாளைக்காவது நோய் அடங்கியது என்று 1948-இல் எழுதினார்; அதற்கு முன் அப்படி ஒரு மருந்தே கிடையாது. அதே வருஷம் சுப்பாராவ் இறந்துபோனார். மெத்தோட்ரெக்சேட் அமினோப்டெரினின் தம்பி. சின்னவனுக்கு ஊசி போடும்போது அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்.

அத்தை ஏதோ சொன்னதாக எழுதியிருந்தாய், "டி.என்.ஏ.ன்னாலே வம்சத்துல வர்றதுதானே, உங்க வம்சத்துலதான் பெரியம்மாவுக்கும் வந்துச்சு" என்று. அத்தை நம் அப்பாவோடு கூடப்பிறந்தவள். "உங்க வம்சம்" என்று அவள் எதைச் சொல்கிறாள் என்று கொஞ்சம் கேட்டுச் சொல். வேடிக்கை இருக்கட்டும். ரிப்போர்ட்டில் இருப்பது சின்னவனின் டி.என்.ஏ. இல்லை, நோய்ச் செல்லின் டி.என்.ஏ. இடது பக்க முகட்டைக் காட்டு அத்தைக்கு: அவனுடைய நல்ல செல்கள் சரியான இடத்தில் நிற்கின்றன. மஜ்ஜையில் ஏதோ ஒரு செல் பிரியும்போது கணக்குத் தவறியது. அந்த ஒன்றின் வாரிசுகள்தான் இவ்வளவும். அப்பாவிடமிருந்தும் வரவில்லை, அம்மாவிடமிருந்தும் வரவில்லை. சொந்தத்தில் கட்டியதால் வரும் நோய்கள் சில உண்டுதான். இது அந்தச் சாதியில் சேராது. பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி அட்டையில் உலர்த்தி வைத்த ரத்தத்தை வருஷங்கள் கழித்துத் தேடிப் பார்த்ததில், சில குழந்தைகளுக்கு இந்தப் பிசகு வயிற்றிலிருக்கும்போதே தொடங்கியிருந்தது என்று தெரிந்தது. இதைப் படித்துவிட்டு மசக்கையில் என்ன சாப்பிட்டேன், எந்தத் தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் நின்றேன் என்று ஆரம்பிக்காதே. இந்த ஒரு குழந்தைக்கு இதனால் வந்தது என்று சுட்டிக்காட்ட எந்த டாக்டராலும் முடியாது.

நல்ல சேதி என்று சொன்னேன். முழுச் சேதியையும் சொல்ல வேண்டுமே. இந்தச் சோதனை எவ்வளவு என்று சொல்லும், எது என்று சொல்லாது. ஒரு குரோமோசோமின் துண்டு இன்னொன்றில் போய் ஒட்டியிருந்தால் மொத்த அளவு மாறாது, மெஷினுக்குத் தெரியாது. இன்னொரு பொறியும் உண்டு. சில நேரம் நோய்ச் செல் பாதிக்குப் பாதி குரோமோசோமை இழந்துவிட்டு, மிச்சத்தை இரட்டித்துக்கொள்ளும். அது பொல்லாத வகை. ஆனால் மொத்தத்தை மட்டும் பார்த்தால் நல்ல வகை மாதிரியே வேஷம் போடும். சின்னவனின் படத்தில் இடது ஓரத்தில் குறைந்த அளவு முகடு எதுவும் இல்லை, அதனால் அந்தச் சந்தேகம் எனக்குக் குறைவு. ஆனாலும் கேரியோடைப்பும், ஃபிஷ் என்று இன்னொரு சோதனையும் வந்த பிறகுதான் கதவைச் சாத்தலாம். டாக்டர் "இன்னும் ரிசல்ட் வரணும்" என்று சொன்னது எதையோ மறைக்க இல்லை. இதற்காகத்தான்.

அதைவிடப் பெரிய கேள்வி, மருந்துக்கு நோய் எப்படி அடங்குகிறது என்பது. அவன் வயது ஐந்து, முதல் நாள் வெள்ளணு 8,400. இரண்டும் நல்ல பக்கம். எட்டாம் நாள் ரத்தத்தில் பிளாஸ்ட் ஏறக்குறைய மறைந்துவிட்டது, அதுவும் நல்லது. இண்டக்ஷன் என்கிற இந்த முதல் மாத மருந்துக்கட்டத்தின் முடிவில் மறுபடி மஜ்ஜை எடுப்பார்கள். பத்தாயிரம் செல்லில் ஒரு நோய்ச் செல் ஒளிந்திருந்தாலும் இதே மெஷின் கண்டுபிடிக்கும். அதற்கும் கீழே என்று வந்துவிட்டால் 1.18-ஐவிட எனக்கு அதுதான் சந்தோஷம். கொல்கத்தா, மும்பை, தில்லி, சண்டிகர், நம் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எல்லாம் சேர்ந்து வகுத்த ஐசிக்கிள் என்ற திட்டத்திலும் இப்படித்தான்: வயது, வெள்ளணு, எட்டாம் நாள் நிலைமை, குரோமோசோம், கடைசியில் இந்த மிச்சக் கணக்கு. எல்லாம் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்ததற்கு வருகிறேன். நீ தப்பான இடத்தில் பயப்படுகிறாய். வசதியான நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் 1984-இல் எம்.சி.பி. 841 என்ற மருந்துமுறை வந்தது. அமெரிக்காவில் வேலை பார்த்த டாக்டர் மக்ராத்தும் அடையாறு, டாடா, எய்ம்ஸ் டாக்டர்களும் சேர்ந்து கொண்டுவந்தது. அதற்கு முன்னால் ஐந்தில் ஒரு குழந்தை தேறினாலே அதிசயம். வந்த பிறகு பாதிப் பேர் வரைக்கும் தேறினார்கள். மிச்சப் பாதியை எங்கே இழந்தோம்? நோய் திரும்பியதில் சிலர். கிருமி தாக்கிச் சிலர். வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வராமலே சிலர். கடைசி இரண்டும் குரோமோசோமில் எழுதியிருக்காது. எந்த லேசரும் அதை அளந்து காட்டாது.

அதனால் முதலில் காய்ச்சலைப் பற்றிச் சொல்கிறேன். இண்டக்ஷன் மாதத்தில் மருந்து நோய்ச் செல்லோடு சேர்த்து நல்ல வெள்ளணுவையும் வாரிக்கொண்டு போகும். அதில் நியூட்ரோஃபில் என்ற வகையின் எண்ணிக்கை 500-க்குக் கீழே போனால் சாதாரணக் கிருமிகூட ஒரே ராத்திரியில் ஆளைச் சாய்க்கும். தெர்மாமீட்டரில் 100.4 தாண்டியதா, வார்டுக்குப் போன் செய், வண்டி ஏறு. பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்க்காதே. கஷாயம், வேப்பிலை, மந்திரித்த கயிறு எல்லாம் அப்புறம்.

இதனால்தான் உங்களைப் புதூர்ப் பக்கம் காட்டு வீட்டுக்குப் போக வேண்டாம் என்கிறேன். மச்சானுக்கு மனசு அங்கேதான் இருக்கும், தெரியும். உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த நேரம், பன்றிக்குக் காவல் வேறு. ஆனால் ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அந்தக் கரிசல் தடத்தில் பைக் சக்கரம் இரண்டு சுற்றுக்கூட உருளாது, மண் அப்பிக்கொண்டு நின்றுவிடும். நடுராத்திரி காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தக் களியில் நடக்கப் போகிறீர்களா? இண்டக்ஷன் முடியும் வரை கோவில்பட்டியில் நம் வீட்டிலேயே இருங்கள். பைபாஸ் ஏறினால் மதுரை ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம். வெள்ளாமை இந்த ஒரு வருஷம் எப்படி வேண்டுமானாலும் போகட்டும். குத்தகைக்கு விடச் சொல். காப்பீட்டு அட்டை இருப்பதால் மருந்துச் செலவில் பெரும்பகுதி அதிலேயே கழியும். மற்றதுக்கு நான் இருக்கிறேன். ரயிலில் புற்றுநோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தை வார்டில் கேட்டு வாங்கிவிடு.

இன்னொன்று. ஆறேழு மாதத்தில் சின்னவன் ஓடி ஆடுவான். தலைமுடி முளைக்கும். பார்க்கிறவர்கள், "இவனுக்கா சீக்கு?" என்பார்கள். அப்போதுதான் ஆபத்து. அதற்குப் பிறகும் இரண்டு வருஷம் தினமும் ராத்திரி 6-எம்.பி. மாத்திரை, வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் என்று போகும். நன்றாகத்தானே இருக்கிறான், எதற்கு மருந்து என்று யாராவது சொன்னால், அது அத்தையாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும், எனக்குப் போன் போட்டுக் கொடு.

முடி கொட்டுகிறது என்று அழுதாயாமே. கழுகுமலையில் என் மடியில் உட்கார வைத்து மொட்டை போட்டபோது ஊரைக் கூட்டினானே, இந்தத் தடவை சத்தமில்லாமல் கொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளேன். சாப்பாடு எல்லாம் வேகவைத்தது, சுடச்சுட. தண்ணீர் கொதிக்கவைத்தது. கடையில் பிரித்து வைத்த கடலைமிட்டாய் வேண்டாம். அழுதால் வீட்டிலேயே பாகு காய்ச்சிப் பிடித்துக் கொடு. ஸ்டீராய்டு கொடுக்கும் வரை பசி பசி என்று அரிப்பான், எரிந்து விழுவான். அது மருந்தின் குணம், அவனை அடிக்காதே.

அடுத்த மஜ்ஜைக்குத் தேதி சொன்னதும் எனக்குத் தெரியப்படுத்து. நெல்லை எக்ஸ்பிரஸில் முதல் நாளே வந்துவிடுவேன். அன்றைக்கு டாக்டரிடம் ஒரே ஒரு விஷயம் பணிவாக நினைவூட்டப் போகிறேன், அவர்களுக்கே தெரிந்ததுதான். முதல் இழுப்பில் வரும் மஜ்ஜை இந்த மெஷினுக்கான ஊதா மூடி டியூபுக்குப் போக வேண்டும். இரண்டாவது, மூன்றாவது இழுப்பில் ரத்தம் கலந்து நீர்த்துவிடும். ஒளிந்திருக்கும் ஒன்றிரண்டு செல்லும் கண்ணில் படாமல் போகும். நான் வர முடியாமல் போனால் மச்சான் இதைக் கேட்கட்டும். டியூபைக் கூரியரில் வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் ஐஸில் வைக்க வேண்டாம், அறை வெப்பத்தில் இருந்தால் போதும், மறுநாளே போய்ச் சேர வேண்டும் என்பதையும் சொல்லச் சொல்.

கேரியோடைப் வந்ததும் படம் எடுத்து அனுப்பு. மங்கலாக எடுக்காதே, வெளிச்சத்தில் மேஜைமேல் விரித்து வைத்து எடு.

அம்மாவுக்கு முட்டிவலித் தைலம் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தம்பி